ஐப்பசியில் பட்டனை மாற்றாதீர்கள்: செயலி செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

சிறுதொழில்காரர்களுக்காகச் செயலி எழுதும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

வணக்கம். நான் காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறவள். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம், மாவுருண்டை. கல்யாணச் சீர், வளைகாப்பு, தீபாவளி, வெளியூரில் படிக்கிற பிள்ளைக்கு ஒரு டப்பா, இதுதான் வியாபாரம். நீங்கள் தரமணியிலும் சிறுசேரியிலும் சரவணம்பட்டியிலும் உட்கார்ந்து பில் போட ஒன்று, ஆர்டர் எடுக்க ஒன்று, கடன் எழுதிவைக்க ஒன்று என்று எங்களுக்காகச் செய்துகொண்டே இருக்கிறீர்கள். உங்கள் விளம்பரங்களில் எங்களை மாதிரி ஒரு அம்மா கைத்தறிப் புடவையில் நின்று போனைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் பார்த்தவரை, போனைப் பார்த்து அப்படிச் சிரிக்கிற வியாபாரி இந்த ஊரில் யாரும் இல்லை.

எந்தக் கம்பெனியின் பெயரையும் இதில் எழுதப்போவதில்லை. ஒருத்தரைப் பிடித்துத் திட்டுவது நோக்கமில்லை. திட்டுவதாக இருந்தால் போனிலேயே திட்டி முடித்திருப்பேன், அந்தப் பக்கம் எடுக்க ஆள் இருந்திருந்தால்.

சொல்ல வந்தது இதுதான். நீங்கள் செய்கிற எல்லாச் செயலிக்குள்ளும் ஒரு நினைப்பு உட்கார்ந்திருக்கிறது: ஒரு போன், ஒரு நம்பர், ஒரு ஆள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஆள் கிடையாது. தொழில் என் பெயரில் இருக்கிறது. மாவு சலித்து, பக்குவம் சொல்வது மாமியார். பார்சல் கட்டி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோவது வீட்டுக்காரர். ராத்திரி உட்கார்ந்து கேட்டவர்களுக்கெல்லாம் பதில் போடுவது, சென்னையில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். படிக்கிற மகள். ஒன்பதாவது படிக்கிற மகன் போட்டோ எடுப்பான். கூலி, உடைந்த தேன்குழல். இத்தனை பேரும் சேர்ந்துதான் உங்கள் திரையில் தெரிகிற அந்த 'ஓனர்'.

அந்தப் போனின் ஒரு நாளைச் சொல்கிறேன். விடிந்ததும் எடுப்பது மாமியார். மலேசியாவில் ஈப்போவில் இருக்கிற அவருடைய தங்கச்சி மகள் ராத்திரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருப்பாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். எங்கள் வீட்டுச் செய்தி முழுதும் தெருவுக்குத் தெரியும். சொந்தக்காரர்கள் குரூப்பில் ரோஜாப்பூவும் குத்துவிளக்கும் 'இனிய காலை வணக்கம்' சொல்லிக் குவிந்து கிடக்கும். எட்டு மணிக்கு ஸ்டோரேஜ் ஃபுல் என்று போன் முரண்டு பிடிக்கும். அழிக்கலாம் என்று எடுத்தால், மகன் பள்ளிக்கூட குரூப்பில் வந்த வீட்டுப்பாடத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பான். "இப்ப எடுக்காதீங்கம்மா." அதற்கு நடுவில் ஓர் ஆர்டர் வரும். அவன் திறந்துபார்த்துவிட்டு மூடிவிடுவான். அந்தப் பக்கம் நீல டிக் விழுந்துவிடும். பார்த்துவிட்டும் பதில் போடவில்லையே என்று சாயங்காலம் அந்தம்மா முகம் தூக்குவார். நியாயம்தான்.

பத்து மணிக்கு எண்ணெய் காய்ந்துவிட்டால் என் கை போனுக்கு உதவாது. மனகோலத்துக்கு வெல்லப்பாகு கொதிக்கும்போது அடுப்பை விட்டு நகரக்கூடாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் திரட்டி உருண்டையாக்கி, தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்க வேண்டும். அந்தப் பதத்துக்கு முந்தி இறக்கினால் நசநசக்கும். பிந்தினால் கல். சரியாக அப்போதுதான் கூரியர் தம்பி வாசலில் நின்று ஓடிபி கேட்பார். என் விரல் முழுக்க வெல்லமும் மாவும். ரேகையை போன் எடுக்காது. புறங்கையால் திரையைத் தட்டினால் கேமரா திறந்துகொள்ளும். அவரும் பாவம், அவருக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது. ஓடிபி என்பது கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு.

இன்னொரு ஓடிபி கதையும் உண்டு. என் ஆதாரில் பதிந்திருக்கிற நம்பர் வீட்டுக்காரருடையது. எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு அப்படித்தான். 2020 ஜூலையிலிருந்து சிறுதொழில் பதிவு மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதார் வைத்துத்தான் நடக்கிறது; காசு கிடையாது, வீட்டிலிருந்தே பதியலாம், நல்ல விஷயம். ஆனால் தொழில் என்னுடையது, ஓடிபி அவருடைய சட்டைப்பையில். அவர் தேவகோட்டை ரஸ்தாவில் வண்டியில் இருப்பார். ஓரமாக நிறுத்தி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, லாரி சத்தத்துக்கு நடுவில் ஆறு நம்பரையும் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். பதிந்து முடித்த பிறகு 'லோன் வேணுமா மேடம்' என்று வரத்தொடங்கிய அழைப்புகள் மட்டும் தவறாமல் என் போனுக்கே வருகின்றன.

போன தீபாவளிக்கு முந்திய வாரம் நடந்ததைச் சொன்னால், இந்த மடல் ஏன் என்று புரியும்.

ஆர்டர் எடுக்க ஒரு செயலிக்கு வருஷச் சந்தா கட்டியிருந்தோம். லிங்க்கை அனுப்பினால் வாங்குகிறவர்களே பலகாரம் தேர்ந்தெடுத்து, முகவரி எழுதி, முன்பணம் கட்டிவிடலாம். மகள்தான் ஏற்பாடு செய்தாள். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் ஒழுங்காக ஓடியது, மனதாரப் பாராட்டுகிறேன். ஐப்பசி பிறந்து ஆர்டர் குவிந்தது. மகள் ஹாஸ்டலிலிருந்து திறந்து பதில் போடுகிறாள். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் நின்று முகவரி சரிபார்க்கத் திறக்கிறார். நான் அடுப்படியில் அடுத்தது என்ன என்று பார்க்கத் திறக்கிறேன். சென்னையிலும் காரைக்குடியிலும் மாறி மாறி ஒரே கணக்கு திறக்கப்படுகிறது. உங்கள் மெஷினுக்கு அது திருட்டாகத் தெரிந்துவிட்டது. 'வழக்கத்துக்கு மாறான நடவடிக்கை தென்பட்டதால் உங்கள் பாதுகாப்பு கருதிக் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.'

வழக்கத்துக்கு மாறான நடவடிக்கைதான். அதற்குப் பெயர் தீபாவளி.

கணக்கை மீட்க என் முகத்தைக் காட்டச் சொன்னது. வட்டத்துக்குள் முகம் வர வேண்டும், கண் சிமிட்ட வேண்டும், இடதுபக்கம் திரும்ப வேண்டும். ஆதார் படம் எடுத்தபோது எனக்குக் கண்ணாடி கிடையாது, இப்போது உண்டு. கண்ணாடியைக் கழற்றினால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, போட்டுக்கொண்டால் அதற்கு என்னைத் தெரியாது. மகன் பக்கத்தில் நின்று "இப்ப சிமிட்டுங்க, இப்ப திரும்புங்க" என்று சொல்லச் சொல்லச் செய்தேன். அதிலும் அவன் தலை வட்டத்துக்குள் வந்துவிட்டது. பிறகு உதவிக்கு என்று ஒரு சாட் பெட்டி. அது நான்கு கேள்வி வைத்திருந்தது. என் கேள்வி அந்த நான்கில் இல்லை. கடைசியில் டிக்கெட் நம்பர் ஒன்றைக் கொடுத்து, 48 வேலை மணி நேரத்தில் தொடர்புகொள்வதாகச் சொன்னது. நடுவில் சனியும் ஞாயிறும். உங்களுக்கு லீவு, எங்களுக்கு எண்ணெய்ச் சட்டி.

யார் என்ன கேட்டார்கள், எந்த முகவரி, எவ்வளவு முன்பணம், எல்லாம் உள்ளே. வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போது கல்லாப்பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஒருத்தர் வெளியூர் போய்விட்ட மாதிரி.

மீட்டது மகள்தான். யுபிஐ-யில் பணம் வந்த பட்டியலை எடுத்தாள். அதில் அனுப்பியவர் பெயரும் தொகையும் இருக்கிறது. 980 ரூபாய் என்றால் ரெண்டு கிலோ தேன்குழலும் ஒரு கிலோ மனகோலமும், வேறு எப்படிக் கூட்டினாலும் அந்தத் தொகை வராது. இப்படியே ஒவ்வொரு தொகையாக உடைத்து யார் என்ன கேட்டிருப்பார்கள் என்று எழுதினாள். சந்தேகம் வந்த இடத்தில் மாமியார்: "அவ சீடையே வாங்க மாட்டா, அவ புருஷனுக்குப் பல்லு இல்ல." முகவரிக்குப் பழைய பார்சல் ரசீதுகளை வீட்டுக்காரர் வண்டிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தார். குடும்பம் முழுக்க இரண்டு ராத்திரி தூங்கவில்லை. தீபாவளி முடிந்த பிறகு கணக்கு திறந்தது. 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று ஒரு மெயில் வந்தது. அந்த மெயிலுக்குப் பதில் போட முடியாது. போட்டால் திரும்பி வந்துவிடும்.

திருடனைப் பிடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. திருடன் உண்டு. போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிப் பணம் போட்டாச்சு என்பவனும் உண்டு, பணம் வரணும்னா பின் நம்பரை அடிங்க என்பவனும் உண்டு. ஆனால் பூட்டுவதற்கு முன்னால் ஒரு போன் அடித்துக் கேட்கலாம் இல்லையா? 'அம்மா, சென்னையில் ஒருத்தர் திறக்கிறாரே, யார்?' 'எம் மகதான்.' முடிந்தது. நீங்கள் சந்தா விற்பதற்கு எங்களைக் கூப்பிட்டபோது ஆள் இருந்தார்கள், அதுவும் நல்ல தமிழில், மதுரைப் பேச்சில். சந்தா முடிகிற வாரமும் கூப்பிடுகிறார்கள். நடுவில் உள்ள பதினோரு மாதமும் அவர்கள் எங்கே போகிறார்கள்?

இப்படிப் பூட்டுவது செயலிக்காரர்களோடு நிற்கவில்லை. மோசடிப் பணத்தில் ஒரு சிறு பங்கு யுபிஐ வழியாக வந்துவிட்டது என்பதற்காக, 2023-இல் கேரளத்தில் சிறு வியாபாரிகள் பலரின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. விற்றவருக்கு, வாங்கினவர் பணம் எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? 2025 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை இன்னோர் உத்தரவு போட்டது. மெசேஜ் செயலி எந்த சிம்மில் பதிவானதோ அந்த சிம் போனில் இருந்தால்தான் அது ஓட வேண்டும்; கம்ப்யூட்டரில் திறந்தது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக லாக்-அவுட் ஆகிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து நம் நம்பரை வைத்து ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கத்தான் என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் சிம் காரைக்குடியில், கம்ப்யூட்டர் சென்னையில் என்று தொழில் நடத்துகிற வீட்டில், மகள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைக் கூப்பிட்டு க்யூஆர் கட்டத்தைக் காட்டி ஸ்கேன் பண்ணச் சொல்ல வேண்டும். நான் கையில் மாவோடு நிற்பேன். இப்படி ஓர் உத்தரவுக்குக் கருத்துக் கேட்கிற கூட்டத்துக்கு எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. உங்களைக் கூப்பிடுவார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும்போது, ஒரு நம்பரில் அஞ்சு பேர் பிழைக்கிறார்கள் என்பதை யாராவது ஒருத்தர் எழுந்து சொல்லுங்கள்.

விளம்பரம் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் 'உங்கள் தொழிலை வளர்த்துக் காட்டுகிறோம்' என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறீர்கள்.

எங்கள் பலகாரத்துக்குப் பெரிய விளம்பரம் ஒரு கல்யாணம். முந்நூறு பேர் சீர்த் தட்டைப் பார்ப்பார்கள், நாற்பது பேர் சாப்பிட்டுப் பார்ப்பார்கள், நாலு பேர் 'எங்கே போட்டது' என்று கேட்பார்கள். அந்த நாலு பேர் பத்து வருஷத்துக்கு வருவார்கள். அடுத்தது டப்பா. காலி டப்பாவை யாரும் எறிவதில்லை, பருப்புப் போட்டு வைப்பார்கள்; மூடியில் எங்கள் நம்பர் இருக்கும். மூன்றாவது, பதினோரு மணிக்கு எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டில் ஸ்டேட்டஸ் வைப்பது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகட்டும், மொத்தமாக அனுப்புகிற பிராட்காஸ்ட் ஆகட்டும், நம் நம்பரைச் சேவ் செய்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும் ஒரு துண்டுச் சீட்டு வைப்போம்: 'நம்பரை சேவ் பண்ணிக்கொள்ளுங்கள், அடுத்த அதிரசம் எப்போது என்று தெரியும்.' அச்சடிக்க ஆன காசுக்கு அதைவிடப் பலன் கொடுத்த விளம்பரம் வேறு கிடையாது. எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிப்படி அனுப்புகிறவர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும். 'இன்று சீடை சூடாக இருக்கிறது' என்பதற்கு யார் போய் அனுமதி வாங்குவது?

'பூஸ்ட் பண்ணுங்க மேடம்' என்கிற பட்டனையும் காசு கட்டித் தட்டிப் பார்த்தோம். கேள்விகள் மழையாக வந்தன. 'விலை?' 'விலை?' 'ப்ரைஸ் ப்ளீஸ்.' விலையைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஆள் இருக்காது. மகள் மாமியாரை வைத்து ஒரு ரீல்ஸ் எடுத்தாள், தேன்குழல் பிழிகிற மாதிரி. எங்கள் கணக்கில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். கீழே வந்த கேள்வி பாதிக்கு மேல், 'அந்த மரக் கட்டை எங்கே கிடைக்கும்?' மாமியாருக்கு ஒரே பெருமை. கட்டை அவருடைய அம்மா வீட்டுச் சீதனம், தேக்கு. ஒரு தேன்குழலும் அதனால் விற்கவில்லை.

உங்கள் ஆர்டர் செயலிகளில் 'ஸ்டாக் எவ்வளவு' என்ற கட்டத்தை நிரப்பாமல் நகர முடிவதில்லை. எங்களிடம் ஸ்டாக் கிடையாது. கேட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவோம், அதனால்தான் எங்களிடம் வாங்குகிறார்கள். பூஜ்யம் என்று போட்டால் 'தீர்ந்துவிட்டது' என்று காட்டுகிறது, ஆயிரம் என்று போட்டால் நாளைக்கே வேண்டும் என்று யாராவது ஆயிரம் கேட்பார்கள். இன்னொன்று, சீர்ப் பலகாரம் கிலோவில் போகாது, எண்ணிக்கையில் போகும். அதிலும் 51, 101 என்று ஒற்றைப்படையில். அதிரசம் 101, தேன்குழல் 101, 'ரெண்டு மட்டும் சின்னதா, பிள்ளைங்களுக்கு' என்று வாய்ஸ் மெசேஜில் வருகிற ஆர்டருக்கு உங்கள் திரையில் இடமே இல்லை. குறிப்பு எழுத ஒரு காலிக் கட்டம் பெரிதாக விட்டிருந்தால் போதும்.

லேபிள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பாதுகாப்புத் துறை கொடுக்கிற 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும், இருக்கிறது. தமிழ்தான் இருக்க மாட்டேன் என்கிறது. மகள் போனில் அடித்து அனுப்பிய 'தேன்குழல்' அச்சுக்கடை கம்ப்யூட்டரில் இரட்டைக்கொம்பு தனியாக, தகரம் தனியாக, நடுவில் புள்ளி வட்டத்தோடு வந்து நின்றது. அவர்கள் இன்னும் பழைய எழுத்துருவில் இருக்கிறார்கள். எந்தப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரிவதற்கான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக அறிவித்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அச்சுக்கடைத் தம்பி ஒவ்வொரு எழுத்தாகத் திரும்ப அடிக்கிறார். புதிதாக ஒரு செயலி செய்வதைவிட இதைச் சரிசெய்கிறவருக்கு வருஷா வருஷம் தீபாவளிக்குப் பலகாரம் இலவசமாக அனுப்புவேன்.

குறையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பணம் வந்தால் சத்தமாகச் சொல்கிற அந்தச் சின்ன ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறதே, அதைச் செய்தவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். கையைக் கழுவ வேண்டாம், திரையைத் திறக்க வேண்டாம், கண்ணாடி தேட வேண்டாம். தமிழில் சொல்கிறது. யார் வாங்கினாலும் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிறது. வீட்டுக்காரர் சொன்னால்கூட நம்பாத மாமியார் பெட்டி சொன்னால் நம்புகிறார். 2016-இல் யுபிஐ வந்தபோது இதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்றவர் அவர். அதைச் செய்தவர் நிச்சயமாக ஒரு கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். நான் கேட்பதும் அந்த அளவுதான்.

இப்போது கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

ஒரு கணக்கில் குடும்பத்தில் நாலு பேர் அவரவர் போனிலிருந்து நுழைய வழி வையுங்கள். பெரிய கம்பெனிகளுக்கு விற்கிற செயலிகளில் இது இருக்கிறது, யார் எதைப் பார்க்கலாம் என்றுகூடப் பிரித்துவைக்கிறார்கள். எங்களுக்கு என்று வரும்போது அது 'பிரீமியம்' ஆகிவிடுகிறது. வீட்டுக்காரருக்கு முகவரி மட்டும் தெரிந்தால் போதும், யார் எவ்வளவு பாக்கி என்று தெரிந்தால் அவர் தள்ளுபடி செய்துவிடுவார்.

எங்களிடம் வாங்குகிறவர்களின் பெயரும் நம்பரும் எங்களுடையவை. அதை ஒரு தாளில் அச்சடித்துக்கொள்கிற மாதிரி எந்த நேரமும் எடுத்துக்கொள்ள விடுங்கள், கணக்கைப் பூட்டியிருந்தாலும் சரி. சிறு கடைகளுக்கு இலவசமாகக் கொடுத்த இணையப் பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்தியது. இலவசமாகக் கொடுத்ததை நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த முகவரியைக் கடைப் பலகையிலும் விசிட்டிங் கார்டிலும் எழுதிவைத்தவர்கள் அதைத் தங்கள் சொந்த முகவரி என்றே நினைத்திருப்பார்கள். எங்கள் மூடியில் போன் நம்பரைத் தவிர வேறெதையும் அச்சடிக்காததற்கு அதுதான் காரணம்.

அப்புறம், ஐப்பசி. போன வருஷம் அந்த வாரமே இன்னொரு செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. 'புதிய தோற்றம், மேலும் எளிமை.' பில் போடுகிற பட்டன் கீழே இடதுபக்கம் இருந்தது, மேலே வலதுபக்கம் போய்விட்டது. கட்டைவிரல் பழகிய இடத்தில் இப்போது விளம்பரம். மாமியார் பார்த்துவிட்டு, "இவனுகளுக்கு வேற வேலை இல்லையா?" என்றார். நான் அதைவிட நயமாகச் சொல்ல முயன்றிருக்கிறேன். பெரிய இணையக் கடைகள் திருவிழா விற்பனைக்கு முன்னால் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று நிறுத்திவைக்கும் என்று மகள் சொல்கிறாள். கூட்டம் வரும் நேரத்தில் எதுவும் உடைந்துவிடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிகிறது. அதே ஏற்பாட்டை எங்களுக்கும் செய்யுங்கள். ஐப்பசி பிறந்ததிலிருந்து தீபாவளி முடிகிறவரை எதையும் தொடாதீர்கள். மார்கழியில் மாற்றுங்கள். அந்த மாதம் கல்யாணம் இல்லை, நிதானமாக உட்கார்ந்து புதுசைக் கற்றுக்கொள்வோம்.

முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். இணையச் சந்தையில் விற்றால் எவ்வளவு சின்ன ஆளாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று இருந்தது. சிறு வியாபாரிகள் சொல்லிச் சொல்லி, 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் மாநிலத்துக்குள் பொருள் விற்கப் பதிவு வேண்டாம் என்று தளர்த்தினார்கள். ஜிஎஸ்டி கவுன்சில் இறங்கிவந்ததை, முப்பது பேர் உட்கார்ந்திருக்கிற ஓர் அலுவலகம் செய்ய முடியாதா?

பதில் எழுதுவதென்றால் டிக்கெட் நம்பர் போடாமல் உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். கூப்பிடுவதென்றால் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடுங்கள், அப்போது அடுப்பு அணைந்திருக்கும், போனும் என்னிடம் இருக்கும். நேரில் வருவதானால் இன்னும் நல்லது. ஐப்பசி முதல் வாரத்தில் சென்னையில் பல்லவன் ரயில் ஏறினால் ராத்திரிக்குள் காரைக்குடி. கொப்புடையம்மன் கோயில் பக்கம் இறங்கி, பலகாரம் போடுகிற வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். போனை ஒரு நாள் உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் செய்த செயலியில் நீங்களே ஆர்டர் எடுங்கள், பாகையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு நம் வீட்டில்தான்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து, வருஷச் சந்தா கட்டிய ஒரு பலகாரக்காரி